கொட்டகை மரத்தின் பிள்ளைகள்

வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு மேலே சாய்ந்து நிற்கும் பைன் மரத்தைப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வெட்டுவது என்று முடிவாகிவிட்டது. அலுவலகப் பலகையில் அந்தத் தாள் ஒட்டப்பட்டதும் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாருக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். பையக்கா மட்டும் பலகை முன்னால் நின்று அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அந்த மரத்தின் மேல் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதை யாரும் நடவில்லை. விதை உலர்த்தும் கொட்டகையின் சுவரோரம் தானாக முளைத்துத் தொலைத்தது. கூரை மறைத்ததால் சின்ன வயதிலேயே வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாக வளைந்து, அப்படியே முதுகு நிமிராமல் வளர்ந்துவிட்டது. நேராக நிற்கிற மரங்களை மட்டுமே மதிக்கிற இடத்தில் இப்படி ஒரு கோணல் மரம், அதுவும் நுழைகிற வாசலிலேயே. போதாததற்கு அதற்கு ஒரு கெட்ட பழக்கம் வேறு, ஓயாமல் பிசின் சொட்டும். ஸ்கூட்டர் சீட்டில் சொட்டும், தலையில் சொட்டும், கையிலிருக்கும் டீ கிளாசில் சொட்டும். ஸ்டோர்க்காரர் ஒருநாள் கவனிக்காமல் வண்டியில் உட்கார்ந்து வீடு போய்ச் சேர்ந்தார். இறங்கப் பார்த்தால் அவர் மட்டும்தான் எழுந்தார், கால்சட்டையின் பின்பக்கம் எழவில்லை. அன்றிலிருந்து அந்த மரத்தைப் பார்த்தாலே பல்லைக் கடிப்பார்.

புது இயக்குநர் அம்மா வந்து சேர்ந்த மூன்றாம் நாள், அவருடைய புதுக் காரின் முன்கண்ணாடியிலும் மரம் தன் கைவரிசையைக் காட்டியது. துடைப்பானை ஒரு தடவை ஓடவிட்டதும் கண்ணாடி முழுக்க மங்கலாகிப் போய், ஓட்டுநர் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டியதாயிற்று. அந்த அம்மா சத்தம் போடுகிற ஆள் இல்லை. உள்ளே போய் ஒரு கையெழுத்துப் போட்டார். அத்தோடு மரத்தின் கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஆனால் பையக்காவுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. நிலையமே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற பன்னிரண்டாம் வரிசையின் நாற்பத்தெட்டு மரங்களுக்கும் தகப்பன் இந்தக் கோணல் மரம்தான். பதினான்கு வருஷமாக அதை அவள் தன் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அவள் பார்க்கிற வேலையைச் சொன்னால் முதல் தடவை கேட்பவர்கள் சிரிப்பார்கள். மரங்களுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிற வேலை. மலைக்காட்டில் நேராக, உயரமாக, நிறையப் பிசின் தருகிற மரங்களைத் தேடிப்பிடித்து, எண் கொடுத்து, அவற்றின் கிளைத்துண்டுகளை நிலையத்தில் ஒட்டுக்கட்டி வளர்ப்பார்கள். அவை பூக்கிற பருவத்தில், பெண் பூ விரிவதற்கு முன்பே அதற்குத் துணிப்பை கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் வருகிற கண்ட மகரந்தமும் உள்ளே புகுந்துவிடும். பிறகு பொருத்தம் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆண் மரத்தின் மகரந்தத்தைச் சிரிஞ்சில் எடுத்துப் பைக்குள் பீய்ச்ச வேண்டும். பூ அதை ஏற்றுக்கொள்வது இரண்டு மூன்று நாள்தான். தவறினால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அந்தப் பைகளைக் கட்டுகிறவள் என்பதால் அவள் எல்லாருக்கும் பையக்கா. பைகளைத் தைத்துக் கொடுப்பவர் அவளுடைய வீட்டுக்காரர், தையல்காரர். பூ விரிந்துவிட்டதா என்று வெளியிலிருந்தே பார்க்க, ஒவ்வொரு பையிலும் கண்ணாடித்தாளில் ஒரு சின்ன ஜன்னல் வைத்துத் தைப்பார்.

பொருத்தம் பார்க்கிற வேலை நம்பர் சாருடையது. ஆராய்ச்சிக்காரர். எதையும் எண்ணாகத்தான் நினைவில் வைப்பார் என்பதால் அந்தப் பேர். அவருக்கு மகள் பிறந்தபோது எடையைத்தான் முதலில் சொன்னாராம். ஆணா பெண்ணா என்று எல்லாரும் கேட்ட பிறகுதான் அது ஞாபகம் வந்ததாம்.

பையக்கா தப்புப் பண்ணியது அந்த மகள் பிறந்த அதே நாளில்தான். அன்றைக்கு ஏழாம் எண் மரம் தாய், பத்தொன்பதாம் எண் தகப்பன். பத்தொன்பதின் ஒட்டு மரம் இன்னும் ஆண் பூ விடவில்லை. அதனால் நம்பர் சாரே மலையேறி, மூன்று நாள் மூடுபனியில் அலைந்து, காட்டில் நிற்கிற மூல மரத்திலிருந்து மகரந்தம் கொண்டுவந்திருந்தார். கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பியில் பாதி. அதை அவள் கையில் கொடுத்த கையோடு, மனைவிக்கு வலி எடுத்துவிட்டதாக ஃபோன் வந்தது. மற்ற மகரந்தக் குப்பிகள் இருக்கும் குளிர்பெட்டி அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அவள் ஏழாம் மரத்தில் ஏணியைச் சாத்தி ஏறினாள். மழை பெய்து படியெல்லாம் ஈரம். கால் வழுக்கியது. அவள் பிடித்துக்கொண்டாள், குப்பிக்குப் பிடிமானம் இல்லை. கீழே ஒரு கல், கல்லுக்குப் பக்கத்தில் சேற்றுக் குழி. மூன்று நாள் மலையில் அலைந்து கொண்டுவந்தது அந்தக் குழித் தண்ணீரின் மேல் மஞ்சள் ஆடையாகப் படர்ந்து நின்றது. அவள் அப்போது தினக்கூலி. அந்த மாதம்தான் நிரந்தரம் ஆக்கப்போகிறவர்களின் பட்டியல் மேலிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிற மனிதரைக் கூப்பிட்டு, "கொட்டிட்டேன் சார்" என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பைகளை அப்படியே விட்டால் விதை வராது, மாட்டிக்கொள்வாள். முழி பிதுங்கி நின்றபோதுதான் கொட்டகைப் பக்கம் கண் போனது. அந்தக் கோணல் மரம் ஆண் பூவாகப் பூத்துத் தள்ளி, காற்றடிக்கும்போதெல்லாம் மஞ்சளாகப் புகைந்துகொண்டிருந்தது. காகிதப் பையில் உதறிக்கொண்டாள். டீ வடிகட்டியில் சலித்து, சிரிஞ்சில் நிரப்பிக்கொண்டு திரும்பவும் ஏணி ஏறினாள். பன்னிரண்டு பை இருந்தது, பன்னிரண்டுக்கும் அதையே அடித்தாள். பதிவேட்டில் தாய் ஏழு, தகப்பன் பத்தொன்பது என்று எழுதினாள். இரண்டு வருஷத்தில் காய் முற்றி விதை வந்தது. அதற்கு முன்பே அவள் நிரந்தரமும் ஆகிவிட்டாள். வருஷா வருஷம் மகளின் பிறந்தநாளுக்கு நம்பர் சார் கேக் கொடுக்கும்போது மட்டும் அதை வாயில் வைக்காமல் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவாள்.

அந்த விதையில் முளைத்துப் பன்னிரண்டாம் வரிசையான நாற்றுகள் சோடையாகப் போயிருந்தால்கூட விஷயம் அமுங்கியிருக்கும். நடந்தது தலைகீழ். போன வருஷம் எல்லா வரிசைகளிலும் பட்டையைக் கீறி, டப்பா கட்டி, முதல் தடவையாகப் பிசின் இறக்கிப் பார்த்தார்கள். மற்ற வரிசைகளில் டப்பா பாதி நிறைய முக்கி முனகியது. பன்னிரண்டாம் வரிசையில் வழிந்து தரையில் ஊற்றியது. எடை போட்டால் இரண்டு மடங்கு, சில மரங்களில் மூன்று மடங்கு. உயரத்திலும் அவைதான் முன்னால், அதுவும் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்திய மாதிரி நேராக. இதே ஜோடியை மறுபடி சேர்த்து, ஆயிரக்கணக்கில் நாற்று உண்டாக்கி, பிசின் இறக்கிப் பிழைக்கிற குடும்பங்களுக்குக் கொடுங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பாராட்டுக் கூட்டத்தில் பையக்காவை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது.

ஏழையும் பத்தொன்பதையும் சேர்த்தால் இந்த மரங்கள் வராது என்பது உலகத்தில் அவளுக்கும் தையல்காரருக்கும் மட்டும்தான் தெரியும். யாரோ ஒரு குடும்பம் நம்பி வாங்கி நட்டு, பத்து வருஷம் காத்திருந்து, அப்புறம்தான் ஏமாந்தது தெரியவரும். அதற்குள் உண்மையான தகப்பன் அடுப்பில் எரிந்து சாம்பலாகியிருக்கும்.

சொல்லாமல் காப்பாற்ற முடியுமா என்றும் பார்த்தாள். மரத்தில் பறவைக் கூடு இருக்கிறது என்று ஸ்டோர்க்காரரிடம் சொன்னாள். அவர் ஏணியைக் கொண்டுவந்து ஏறிப் பார்த்து, கூடும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று, கையெல்லாம் பிசினோடு இறங்கினார். காரைப் பின்பக்கம் நிறுத்தினால் என்ன என்று ஓட்டுநரிடம் நைசாகக் கேட்டாள். "மரமே போகப்போவுது, நான் எதுக்கு போகணும்?" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தையல்காரர் மிஷினில் உட்கார்ந்து அந்தப் பருவத்துக்கான பைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நாளைக்கு வெட்டறாங்க."

"தெரியும். பை கொடுக்க வந்தப்ப பலகையில பாத்தேன்."

"சொல்லிடட்டுமாங்க?"

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இதையேதான் பதினாலு வருஷமா கேக்கற. நானும் வேணாம் வேணாம்னு சொல்லிட்டே வரேன்."

"இப்பவும் வேணாங்கறீங்களா?"

"எனக்கும் பயந்தான். இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணு யோசி. இத்தன வருஷம் மரம் பாட்டுக்கு நின்னுச்சு. என்னிக்காவது சொல்லிக்கலாம்னு தள்ளிப்போட முடிஞ்சுது. நாளைக்கு பத்து மணிக்கு மேல நீ சொன்னாலும் ஒண்ணுதான், சொல்லாட்டியும் ஒண்ணுதான்."

அவள் சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்தாள். "வேலய விட்டு தூக்கிட்டா?"

"தூக்கினா இங்க வந்து காஜா எடு. ஆனா நீ எடுக்கற காஜால எந்தக் காலத்துலயும் பட்டன் நுழைஞ்சதில்ல. அதனால தூக்காத மாதிரி பாத்து சொல்லு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் முகம் கழுவினாள்.

புதன்கிழமை ஒன்பதரைக்கே ரம்பக்காரர் வந்துவிட்டார். பெட்ரோல் ரம்பம், கயிற்றுச் சுருள், தலைக்கவசம் என்று சாமான்களை வரிசையாகப் பரப்பினார். மேலே அண்ணாந்து பார்த்தவரின் நெற்றியில் மரம் ஒரு சொட்டு விட்டது. பையக்கா ஓடிப்போய் அவருக்கு டீ கொண்டுவந்தாள். குடித்து முடித்ததும் இன்னொன்று கொண்டுவந்தாள். மூன்றாவதை நீட்டியபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதும்க்கா. இதுக்கு மேல குடிச்சா மரத்துல ஏற மாட்டேன், வேற எங்கயாவதுதான் ஓடணும்."

அவர் கயிற்றை இடுப்பில் கட்டத் தொடங்கியதும், இனிமேல் டீயை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிளாசைத் திண்டில் வைத்துவிட்டு நம்பர் சார் அறைக்கு நடந்தாள்.

நம்பர் சார் ஒரு முட்டியில் கட்டுப் போட்டு, காலை முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மூன்று மாதமாகவே அவர் முகத்தில் ஈயாடவில்லை. பன்னிரண்டாம் வரிசைக்காக ஊரே அவரைப் பாராட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் எதையோ பறிகொடுத்தவர் போல இருந்தார். போன மாதம் திடீரென்று விடுப்பு எடுத்துக்கொண்டு போய், நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் வாங்களேன். இத முடிச்சிடறேன்."

"அப்புறம் முடியாது சார். பத்து மணி ஆகப்போவுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பன்னண்டாம் வரிச பத்தொம்போதுக்குப் பொறந்ததில்ல சார்."

பேனா நின்றது. அவர் குதிக்கவில்லை, கோபப்படவில்லை. மெலிந்த குரலில், "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"நான்தான் சார் செஞ்சேன்."

அதற்கு மேல் அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று பயம். ஏணி வழுக்கியது, குப்பி கல்லில் பட்டது, சேற்றுக் குழி, பட்டியல், ஆஸ்பத்திரி, டீ வடிகட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "கொட்டகைக்குப் பக்கத்துல நிக்குதே சார், அந்த மரத்தோட மகரந்தம்தான். பன்னண்டு பைக்கும் அதேதான். என்னைய என்ன வேணா பண்ணிக்கங்க. அத வெட்டறத மட்டும் நிறுத்திடுங்க."

அவள் மெதுவாகக் கண்ணை உயர்த்தினாள். நம்பர் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"ஒரே மரமா?"

"ஒரே மரந்தான் சார்."

"வேற எதையும் கலக்கலயே?"

"இல்ல சார்."

"வடிகட்டி கழுவினதா?"

"கழுவித் தொடச்சது சார்," என்றாள். இந்த நேரத்தில் இதைப் போய்க் கேட்கிறாரே என்று இருந்தது.

அவர் எழுதிக்கொண்டிருந்த தாளை அவள் பக்கம் நகர்த்தினார். இயக்குநருக்கு எழுதிய கடிதம். பதினான்கு வருஷத்துக்கு முன் மகரந்தம் சேகரித்ததில் தான் தவறு செய்துவிட்டதாகவும், பன்னிரண்டாம் வரிசையின் முடிவுகளை மொத்தமாக நீக்கிவிடும்படியும், தன்னை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படியும் அதில் இருந்தது. பையக்கா இரண்டு தடவை படித்தாள்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி மறுபடி ஜோடி சேக்கறதுக்கு முன்னாடி சரிபாத்துக்கலாம்னு அந்த நாப்பத்தெட்டு மரத்தோட இலையையும் மரபணு சோதனைக்கு அனுப்பினேன்," என்றார் நம்பர் சார். "தாய் ஏழுதான். தகப்பன் பத்தொம்போது இல்ல. நாம நம்பர் போட்ட அறுபத்தினாலு மரத்துல எதுவுமே இல்ல. ஆனா நாப்பத்தெட்டுக்கும் ஒரே தகப்பன். காத்துல வந்த தூளா இருந்தா பல தகப்பன் இருக்கணும். அப்ப தப்பு குப்பியிலதான். குப்பிய நெரப்பினது யாரு? நான். மூடுபனில தப்பான மரத்துல ஏறிட்டேன்னு முடிவே பண்ணிட்டேன்."

"அய்யோ சார்."

"போன மாசம் மலைக்குப் போனேன். பத்தொம்போதச் சுத்தி நிக்கற எழுபத்திமூணு மரத்துலயும் இலை பறிச்சு அனுப்பினேன். ஒண்ணுகூட ஒத்துவரல. முட்டி போனது அங்கதான்." அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அது என் தலைக்கு மேலயே நின்னிருக்கு."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பையக்காவுக்கு அப்போதுதான் உடைந்தது. தன்னைத் திட்டுவார் என்று பயந்தபோது வராத அழுகை. தான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் கஷ்டப்படுவது தான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இந்த மனிதர் செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு மலையேறி முட்டியை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

வெளியே ரம்பம் உறுமியது.

நம்பர் சார் நொண்டிக்கொண்டே ஓடினார். பையக்கா முன்னால் ஓடினாள். காதுக்கு மூடி போட்டிருந்த ரம்பக்காரருக்கு யார் கத்தியதும் கேட்கவில்லை. வண்டி நிறுத்தும் பக்கம் நீட்டியிருந்த முதல் கிளை மடமடவென்று விழுந்தது. அவர் அடுத்த கிளைக்கு நகர்வதற்குள் நம்பர் சார் நேராகப் போய் அடிமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மரம் ஆடுவதை உணர்ந்து கீழே பார்த்த ரம்பக்காரர் ரம்பத்தை அணைத்தார்.

"சார், கொஞ்சம் தள்ளிக்கங்க."

"தள்ள மாட்டேன்."

உண்மையில் அவரால் தள்ள முடியவும் இல்லை. சட்டையின் முன்பக்கம் பட்டையோடு நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. ஸ்டோர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, தனக்கு மட்டும் இல்லை என்கிற திருப்தியோடு தலையாட்டினார்.

சத்தம் நின்றதும் இயக்குநர் அம்மா வெளியே வந்தார். நிலையத்தின் மூத்த ஆராய்ச்சிக்காரர் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பதையும், பக்கத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பன்னண்டாம் வரிசைக்கு அப்பா மேடம் இது," என்றார் நம்பர் சார்.

பையக்கா மறுபடியும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தத் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. ஒரு தடவை வெளியே வந்துவிட்ட விஷயத்துக்கு அவ்வளவுதான் எடை போலிருக்கிறது. இயக்குநர் அம்மா கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இது இவ்வளவு கோணலா இருக்கு. பிள்ளைங்க நேரா இருக்கே."

"கோணல் கூரையால வந்தது மேடம். ரத்தத்துல இல்ல," என்றார் நம்பர் சார். "நேரா இருக்கறது எதுன்னு மட்டுமே பாத்துப் பழகிட்டேன். இருவது வருஷமா பிசின் மரம் தேடி மலை மலையா ஏறறேன். தினம் சாயங்காலம் சீட்டத் தொடச்சிட்டுத்தான் ஸ்கூட்டர எடுக்கறேன். ஒருநாள்கூட அண்ணாந்து பாக்கல."

"எனக்கு எழுத்துல வேணும். இதோட இலையும் சோதனைக்குப் போகட்டும். முடிவு வர்ற வரைக்கும் யாரும் கை வைக்க வேணாம்." அவர் ஓட்டுநரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிலேர்ந்து வண்டியெல்லாம் பின்பக்கம்." பிறகு பையக்காவிடம், "உங்களுக்கு மெமோ வரும்," என்றார்.

"வரட்டும் மேடம்."

மெமோ வரும் என்று கேட்டு மனிதருக்கு இவ்வளவு ஆறுதலாக இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பதினான்கு வருஷமாக எப்போது, எந்தப் பக்கமிருந்து வரும் என்று பயந்த அடி, கடைசியில் ஒரு தாளாக வரப்போகிறது. தாளுக்குப் பதில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

ரம்பக்காரர் இறங்கி, கூலி உண்டா இல்லையா என்ற கவலையோடு கயிற்றைச் சுருட்டினார். உண்டு என்று தெரிந்ததும் அவருக்கும் அந்த மரத்தின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

விழுந்த கிளையையும் வீணாக்கவில்லை. அதில் நுனி நுனியாக விரியாத ஆண் பூக்கள் இருந்தன. சின்னச் சின்னக் கொத்தாக வெட்டி, கொட்டகைக்குள் வாளித் தண்ணீரில் நிறுத்தி, கீழே வெள்ளைத்தாள் விரித்தாள் பையக்கா. இரண்டு நாளில் தாள் மஞ்சளானது. சலித்து, குப்பியில் அடைத்து, எடுத்த மரம், எடுத்த நாள், எடுத்தவள் என்று சீட்டு எழுதி ஒட்டினாள்.

தையல்காரர் அன்று மாலை விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப காஜா எடுக்க வேற ஆளத்தான் பாக்கணும்," என்றார். அவ்வளவுதான் பேசினார். ஆனால் சாப்பிடும்போது இரண்டு தடவை தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

மெமோ வந்தது. பதில் கொடுத்தாள். இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று ஒரு எச்சரிக்கையோடு அது முடிந்தது. சோதனை முடிவுதான் வரவில்லை. அதற்காகக் காத்திருந்த நாட்களில் அவளுக்கு ஒரு புதுப் பயம் பிடித்துக்கொண்டது. ஒருவேளை தன் ஞாபகமே தப்போ? வேறு மரத்தில் உதறினோமோ? நம்பர் சாருக்கு மூடுபனி மாதிரி தனக்கும் ஏதாவது இருந்துவிட்டதோ? காலையில் வந்ததும் மரத்தின் அடியில் ஒரு நிமிஷம் நின்று, இதுதான், இதேதான் என்று சொல்லிக்கொண்டுதான் வேலைக்குப் போவாள்.

ஒன்பதாம் நாள் காலை அவள் ஏழாம் மரத்தின் ஏணியில் நின்றிருந்தாள். பைகளின் ஜன்னல் வழியே பார்த்தால் பெண் பூக்கள் செதில் விரித்துத் தயாராக இருந்தன. நாளை மறுநாளைத் தாண்டாது. கீழே நொண்டுகிற காலடிச் சத்தம் கேட்டது. நம்பர் சார் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"வந்துடுச்சு."

அவள் ஏணியிலிருந்தபடியே திரும்பினாள்.

"நாப்பத்தெட்டும்," என்றார். "ஒண்ணுகூட விடாம."

பையக்கா நெற்றியை ஏழாம் மரத்தின் பட்டையில் சாய்த்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்து உடம்பில் உட்கார்ந்தது. கொட்டகை மரம் இனி நிற்கும். இந்தப் பைகளில் இனி வரப்போவது பொய் இல்லை. யாரோ ஒரு குடும்பம் பத்து வருஷம் காத்திருந்தால் வீண்போகாது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சுற்றி வேறு எதுவும் இல்லாத வெறும் சந்தோஷம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். "சார், ஒண்ணு கேக்கட்டுமா? மூணு மாசமா மண்டைய ஒடச்சிக்கிட்டீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நீங்களா கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

நம்பர் சார் யோசித்தார். "சந்தேகப்பட வேண்டியதெல்லாத்தையும் ஒரு தாள்ல வரிசையா எழுதி, நம்பர் போட்டு, ஒவ்வொண்ணா அடிச்சிட்டு வந்தேன். முதல்ல நான். ரெண்டாவது குளிர்பெட்டி. மூணாவது சோதனைக் கூடத்துல டப்பா மாறியிருக்கலாம்னு. பை கிழிஞ்சிருக்கலாம்னுகூட எழுதினேன். அணில் ஒண்ணு மேல ரெண்டு நாள் சந்தேகம் இருந்துச்சு."

"நான் அதுல எத்தனாவது சார்?"

"நீங்க அதுல இல்ல."

எடை சொல்கிற மாதிரிதான் சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பையக்காவின் கை பையின் முடிச்சில் அப்படியே நின்றுவிட்டது. ஒரு அணிலைக்கூட விடாமல் சந்தேகப்பட்ட மனிதருக்கு அவளைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், மெமோவையும் தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்குவதற்குத்தான் ஏணியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"இனிமே சேத்துக்கங்க சார்," என்றாள். "முதல் பேரா எழுதுங்க. எது தப்பாப் போனாலும் முதல்ல என்னக் கேளுங்க. அப்பத்தான் எனக்கும் நல்லா இருக்கும்."

நம்பர் சார் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தார். தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிதானமாக எழுதினார்.

"எழுதிட்டேன்," என்றார். "ஒண்ணு, பையக்கா. ரெண்டு, அணில்."

அவள் ஏணி ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். அவர் நோட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.